கேள்வி கேட்காமல் ஒரு புத்தகம் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதே இல்லை, கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் தானாக வாசிப்பார்கள் என்று சென்ற இதழில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்கும் உண்டு. ஆனால் நான் பிடுங்கி வைத்தும் பார்த்துவிட்டேன். என் மகன் அந்த ஒரு மாதமும் கூரையைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தானே தவிர, ஒரு புத்தகத்தையும் எடுக்கவில்லை.

நம் மொரீசியஸில், மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்து, ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் நான். வீடு ரோஸ் ஹில்லில். என் மகன் எட்டு வயதில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் படக்கதைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவான். ஐந்தாம் வகுப்பில் லெசன், அதாவது பரீட்சைக்கான தனி டியூஷன், தொடங்கியது. நம் ஊரில் லெசன் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி முடிந்ததும் லெசன், லெசன் முடிந்ததும் வீட்டுப்பாடம், சனிக்கிழமை காலையிலும் லெசன். "கதைப் புத்தகமெல்லாம் பரீட்சைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று லெசன் ஆசிரியர் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டினேன்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றை வீட்டில் நானே செய்தேன். அவன் ஒரு புத்தகத்தை மூடியவுடன் கேள்வி கேட்பேன். கதை என்ன? இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்? ஐந்து புதிய சொற்களை எழுதிக் காட்டு. ஆசிரியை புத்தி, வீட்டிலும் விடவில்லை. ஏழாம் வகுப்புக்குப் போன பிறகு அவன் புத்தகத்தைத் திறப்பதையே நிறுத்திவிட்டான். திறந்தால்தானே அம்மா கேள்வி கேட்பாள்.

அது மாறியது 2024 ஜனவரியில், பெலால் புயல் வந்தபோது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். என் மாமியார் 1994இல் வந்த ஹொலாந்தா புயலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்தப் புயலுக்குப் பிறகு ஊரே இருட்டில் கிடந்ததையும், தூனி மின்வி, அதாவது 'நள்ளிரவு அம்மணன்', என்று ஒருவன் நள்ளிரவில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு கூரைமேல் நடக்கிறான் என்று வதந்தி பரவியதையும், ஆண்கள் தடியோடு விடிய விடியக் காவல் இருந்ததையும் சொன்னார். அவனைப் பார்த்தேன் என்று சொன்னவர்கள் பல பேர், பிடித்தவர் ஒருவருமில்லை. என் மகன் நகர்ந்து நகர்ந்து பாட்டியின் காலடிக்கே வந்துவிட்டான். "அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு?" அந்த "அப்புறம்" அவன் வாயிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பாட்டி தூங்கப் போன பிறகு, அலமாரியில் கிடந்த பழைய பிரெஞ்சுப் பேய்க்கதைத் தொகுப்பை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் உரக்க வாசித்தேன். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அம்மா கதை வாசிப்பதா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அவனுக்கு இல்லை. பாதிக் கதையில் பேட்டரி போய்விட்டது. மறுநாள் காலையில் பார்த்தால், ஜன்னலோரம் உட்கார்ந்து மீதியை வாசித்துக்கொண்டிருக்கிறான். முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினான். வழக்கம்போல் நான் வாயைத் திறந்தேன். என் மாமியார் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவனே சமையலறைக்கு வந்து, நான் பாத்திரம் கழுவி முடிக்கிற வரைக்கும் அந்தக் கதையைச் சொன்னான்.

பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக் பல வருடம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வாசகருக்குப் பத்து உரிமைகள் உண்டு என்று 1992இல் எழுதினார். முதல் உரிமையே வாசிக்காமல் இருப்பதுதான். பக்கங்களைத் தாண்டிப் போகலாம், பாதியில் விடலாம், எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம், உரக்க வாசிக்கலாம் என்று போய், பத்தாவதாக வாசித்த பிறகு பேசாமல் இருக்கும் உரிமையில் முடிகிறது. இந்தப் பட்டியலை நான் முன்பே படித்திருக்கிறேன். அந்தப் பத்தாவது உரிமையை என் மகனிடமிருந்து பறித்தது நான்தான் என்று அந்தப் புயலுக்குப் பிறகுதான் உறைத்தது.

அதற்கப்புறம் நகராட்சி நூலகத்துக்குப் போக ஆரம்பித்தோம். அவன் என்ன எடுக்கிறான் என்று நான் பார்ப்பதில்லை. பத்துப் பக்கம் வாசித்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். முதலில் எடுத்த ஆறு புத்தகங்களில் நான்கைப் பாதியிலேயே திருப்பிக் கொடுத்தான். முன்பு என்றால் திட்டியிருப்பேன். மாங்கா என்ற ஜப்பானியப் படக்கதையும் வாசிப்புதான், கால்பந்து வீரரின் வாழ்க்கையும் வாசிப்புதான், கைப்பேசியில் படிக்கிற தொடர்கதையும் வாசிப்புதான். நம் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் எழுதியதும் வாசிப்புதான். இதில் நம்மவர் சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். 2012 முதல் ஆரம்பப் பள்ளிகளில் பாடமாகவே இருக்கிற மொழி அது. நம் பிள்ளைகள் சிரிப்பதும் சண்டை போடுவதும் அதில்தான்.

சரி, தமிழுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. என் மகனும் அவன் நண்பர்களும் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார்கள். ஆனால் இரண்டு பக்கத் தமிழ்க் கதையை வாசிக்க மாட்டார்கள். சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கவில்லை. சனிக்கிழமை மாலை கோவிலில் நான் எடுக்கும் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு வயது பதினான்கு, பதினைந்து. அவர்கள் தமிழுக்கு வயது எட்டு. அதனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுதிய காகமும் நரியும் கதையைத்தான் கொடுக்கிறோம். மனதுக்குள் காதலும், நண்பனோடு மனஸ்தாபமும், அப்பாவோடு சண்டையும் ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளை அதை எப்படி வாசிக்கும்? அவமானமாகத்தான் இருக்கும். இல்லையென்றால் தமிழ்நாட்டில் பெரியவர்களுக்காக வந்த நாவலைக் கொடுக்கிறோம். முதல் பக்கத்திலேயே மூச்சு வாங்குகிறது.

ஆங்கிலத்தில் இதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். எடின்பரோவில் 1998இல் தொடங்கிய பாரிங்டன் ஸ்டோக் என்ற பதிப்பகம், வாசிக்கத் தயங்கும் பிள்ளைகளுக்கும் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் என்றே புத்தகம் போடுகிறது. கதை அவர்கள் வயதுக்கு ஏற்றது, மொழி அவர்களால் தாண்ட முடிந்தது. சின்ன அத்தியாயங்கள், கண்ணை உறுத்தாத வெளிர்மஞ்சள் தாள், தெளிவான எழுத்துரு. பெயர் பெற்ற எழுத்தாளர்களே எழுதித் தருகிறார்கள். கையில் வைத்திருந்தால் 'குழந்தைப் புத்தகம்' போலவும் தெரியாது. ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

தமிழில் இதை நாமே செய்து பார்க்கலாம். நான் செய்து பார்த்தேன். தூனி மின்வி கதையை இரண்டு பக்கத்தில் எழுதினேன். ஒரு வாக்கியத்தில் ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் இல்லை. 'வந்துகொண்டிருந்தவனைப் பார்த்து' என்று எழுதாமல், 'அவன் வந்தான். நான் பார்த்தேன்' என்று எழுதினேன். சேர்ந்து வரும் சொற்களை முடிந்தவரை பிரித்தேன். 'லெசன்', 'பஸ்', 'புத்திக்' எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். கடையைப் புத்திக் என்றுதானே சொல்கிறோம். பிரதி எடுத்து, ஒன்றும் சொல்லாமல் வகுப்பில் மேசைமேல் வைத்தேன். மூன்று பெண் பிள்ளைகள் அங்கேயே நின்று வாசித்தார்கள். ஒருத்தி, "மிஸ், அவன்மேல் எண்ணெய் இருந்தால் கூரையிலிருந்து வழுக்கி விழுந்திருப்பானே" என்றாள். இன்னொருத்தி அவளோடு வாதாட ஆரம்பித்தாள். பாதி கிரியோல், பாதி தமிழ். நான் குறுக்கே போகவில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு இதழிலும் இரண்டு பக்கத்தை இந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். எளிய தமிழ், கொஞ்சம் பெரிய எழுத்து, அவர்கள் வயதுக்கான கதை. ரோஸ் ஹில் பஸ் நிலையமும், கோர் தெ கார்த் மலையடி முருகன் கோவிலும், காவடிக்கு முந்தின இரவும் அதில் வரட்டும். நம் ஊரில் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் எழுதுவார்கள். என் கதையின் முதல் பாகத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், திருத்துங்கள். கதைக்குக் கீழே 'பயிற்சி வினாக்கள்' மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் பாகம் எப்போது வரும் என்று அந்த மூன்று பேரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கிறார்கள். இந்த வாரத்துக்குள் எழுதி முடித்துவிடுவேன்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரீசியஸ்