உறுமினால் அடிக்காதீர்கள் அப்பா

டர்பன், தென்னாப்பிரிக்கா,
ஆடி வெள்ளி.

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே ஆடி மாதம் குளிர்காலம். காலை ஆறரைக்கும் இருட்டு விலகுவதில்லை. மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிறார்கள். எதிர்வீட்டு ஆயா நேற்று ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி இந்தியாவிலிருந்து கரும்புக்காட்டு வேலைக்கு வந்தவர்களின் வழிவந்தவர் அவர். பேச்செல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் 'ஆயா' என்று கூப்பிட்டால் முகம் அப்படி மலரும்.

விஷயத்துக்கு வருகிறேன். வாடகைக்கு வந்தவர்களின் நாயைப் பார்த்து நம் நாய் மணி உறுமினான், நாலு போட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னீர்களே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஊரில் நாய்கள் அவிழ்ந்தே திரிகின்றன. ஒன்றையொன்று பார்த்தால் நேருக்கு நேர் வராமல் வளைந்து வந்து, பின்பக்கம் மோந்துவிட்டு, தன் பாட்டுக்குப் போய்விடும். இங்கே எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஆள் உயரச் சுவர், மேலே மின்கம்பி, உள்ளே இரண்டு நாய். வெளியே வந்தால் கழுத்தில் கயிறு. கயிறு கட்டிய நாயால் வளைந்து போகவும் முடியாது, பிடிக்காவிட்டால் விலகி ஓடவும் முடியாது. சண்டையில் பாதி அந்தக் கயிற்றால்தான் வருகிறது.

எங்கள் நாய் சிட்டு வந்த முதல் வருஷம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒருநாள் எதிரே பெரிய பழுப்பு நாய் ஒன்று வந்தது. வால் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்திருக்க, நுனி மட்டும் படபடவென்று ஆடியது. வாலாட்டுகிறதே, நல்ல நாய் என்று நான்தான் சிட்டுவை முன்னால் விட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் சிட்டுவின் காது கிழிந்துவிட்டது. என் சட்டையெல்லாம் ரத்தம். தையல் போட்டுத் திரும்பியபோது ஆயா வாசலில் நின்றார். வாலைப் பார்க்காதே, இடுப்பைப் பார் என்றார்.

அன்றிலிருந்து இடுப்பைத்தான் பார்க்கிறேன். சந்தோஷமாக வரும் நாய்க்கு வால் மட்டும் ஆடாது, இடுப்பே சேர்ந்து நெளியும். உடம்பு கட்டைபோல் விறைத்து, வால் மட்டும் மேலே நின்று ஆடினால் அது விலகு என்கிறது. வால் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் அந்தந்த நாயின் வழக்கத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். மணி சிப்பிப்பாறை ஜாதி நாய், அவனுக்கு வால் எப்போதும் தாழ்ந்துதான் இருக்கும். கொஞ்சம் தூக்கினாலே அவனுக்கு அது பெரிய விஷயம். இத்தாலியில் 2007-இல் 30 நாய்களை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். வளர்த்தவரைப் பார்த்தால் வால் வலப்பக்கம் கூடுதலாகவும், பழக்கமில்லாத முரட்டு நாயைப் பார்த்தால் இடப்பக்கம் கூடுதலாகவும் ஆடியதாம். தெருவில் நடக்கும்போது அவ்வளவு நுணுக்கம் என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மயிர் சிலிர்ப்பதும் கோபம் என்றே இல்லை, பயத்திலும் பரபரப்பிலும் சிலிர்க்கும். சிட்டு ரிட்ஜ்பேக் கலப்பு. இந்தப் பக்கத்து ஜாதியான அதற்கு நடுமுதுகில் ஒரு பட்டை மயிர் பிறவியிலேயே எதிர்ப்பக்கமாக வளர்ந்திருக்கும். அதைப் பார்த்துக் கோபமாக இருக்கிறதென்று ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு.

நேற்றுக் காலை நடந்ததைச் சொல்கிறேன். சுவர்மேல் குரங்குக் கூட்டம், ஹடீடா பறவைகள் கத்திக்கொண்டு பறக்கின்றன. சிட்டு எதையும் சட்டை செய்யாமல் நாக்கைத் தொங்கப்போட்டு வந்தாள். இரண்டு விளக்குக் கம்பம் தள்ளி ஒரு கறுப்பு நாய் திரும்பியது. சிட்டுவின் வாய் மூடிக்கொண்டது. அவ்வளவுதான் அப்பா, நாக்கு உள்ளே போய் வாய் மூடியது. அதுதான் முதல் அடையாளம். பிறகு தலையை அந்தப் பக்கம் திருப்பினாள், மூக்கை நக்கினாள், ஒன்றுமே இல்லாத புல்லை அக்கறையாக மோந்தாள். முன்பெல்லாம் "வாடி சீக்கிரம்" என்று இழுத்திருப்பேன். அவள் சொன்னது எனக்கு வம்பு வேண்டாம் என்பது. தூக்கம் வராமலே கொட்டாவி விடுவதும் இந்த வகைதான். நார்வேயில் தூரிட் ருகாஸ் என்ற அம்மா இவற்றையெல்லாம் வருஷக்கணக்கில் கவனித்து எழுதியிருக்கிறார். நான் கயிற்றைத் தளர்த்தி, சாலையின் மறுபக்கம் போய் வளைந்து நடந்தேன். கறுப்பு நாயும் தரையை மோந்தது. இரண்டும் சத்தமில்லாமல் தாண்டிவிட்டன.

இரண்டு உடம்பும் குழைந்திருந்தால்தான் கிட்டே விடுவேன். மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுக் கூப்பிட்டுக்கொள்வேன். முன்னங்காலைத் தரையில் பரப்பி, பின்பக்கத்தைத் தூக்கினால் விளையாடக் கூப்பிடுகிறது. அதைப் பார்த்தால் எனக்கே குதிக்கலாம் போலிருக்கும். அசையாமல் நின்று, கண்ணைக் கொட்டாமல் முறைத்தால் ஒரு நொடிகூட நிற்க மாட்டேன்.

இப்போது மணி. குரைக்கிற நாய் கடிக்காது என்பீர்கள். அதை நம்பிக் கை நீட்டக்கூடாது, குரைத்த நாயும் கடிக்கும். ஆனால் குரைக்கிறதும் உறுமுகிறதும் முன்கூட்டிச் சொல்லிவிடுகின்றன அப்பா. மணி அன்று வாயை மூடியிருப்பான், முகத்தைத் திருப்பியிருப்பான், மூக்கை நக்கியிருப்பான். யாரும் கவனிக்கவில்லை என்றபிறகுதான் உறுமினான். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்டால் உறுமலை விட்டுவிடுவான், பயம் மட்டும் அப்படியே இருக்கும். அடுத்த தடவை சத்தமே வராது, நேரே பல்தான். அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றீர்கள்.

நம் சந்து ஓராள் அகலம். அந்த நாய் வாசலிலேயே சங்கிலியில் கிடக்கிறது. நீங்களும் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடிப்பீர்கள், எனக்குத் தெரியும். அவன் எங்கே போவான்? கொஞ்ச நாளைக்குக் கண்மாய்க்கரை வழியாகக் கூட்டிப்போங்கள். சுற்றுவழிதான், உங்களுக்கும் நடை ஆகும். உறுமினால் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்துவிடுங்கள்.

வெறிநோய் ஊசி இந்த வருஷம் போட்டாயிற்றா? இந்த மாகாணத்தில் அந்த நோய் இன்னும் இருக்கிறது, ஊசி போட்டே ஆகவேண்டும் என்பது சட்டம். போடாவிட்டால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

தம்பியிடம் சொல்லி, மணி நடந்துபோவதைப் பக்கவாட்டில் நின்று வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முகமும் இடுப்பும் தெரிய வேண்டும். அடி வாங்கின இடத்தில் வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து எழுதுங்கள்.

அன்பு மகள்,
செல்வி