முரளிக்கு, எஸ்ஸனிலிருந்து

அன்புள்ள முரளி,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை வேலைக்குப் போகும் வழியில் கேட்டேன். புனேக்கு மாற்றலாகிவிட்டது, போர்டு கேம் பெட்டிகளையெல்லாம் பாலாஜி வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டுப் போகிறேன், "இந்த வயசுக்கு மேல யாரைத் தேடிப் பிடிச்சு விளையாடறது" என்று சொல்லியிருந்தாய். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. பதிலுக்கு நானும் இரண்டு நிமிஷம் பேசி அனுப்பினால் போதாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று கீதா அக்கா சொன்னாள். சந்தோஷம். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, வேலையும் பரவாயில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஜெர்மனியில் வீடு கிடைத்துவிட்டது. எஸ்ஸனிலேயே, ரூட்டன்ஷைட் பகுதியில், இரண்டாவது மாடி. ஷ்பீல் என்கிற போர்டு கேம் கண்காட்சி நடக்கும் அரங்கத்துக்கு நடந்தே போய்விடலாம்! திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஃபேன் காற்றில் சீட்டு பறக்காமல் இருக்க டம்ளர் வைத்து விளையாடிக்கொண்டு, என்றைக்காவது ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று பேசினோமே, அதே கண்காட்சிதான். 1983-இல் இந்த ஊரில் சின்னதாக ஆரம்பித்தது. 2024 அக்டோபரில் நான்கே நாளில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்.

ஆனால் வீடு கிடைப்பதற்குள் பட்ட பாடு இருக்கிறதே. முதலில் ஹம் நகரத்தில் ஒரு அறையில் இருந்தேன். காமாட்சி அம்பாள் கோயில் இருக்கும் ஊர். அங்கிருந்து தினமும் டோர்ட்முண்ட், போஹும் நகரங்களைத் தாண்டி எஸ்ஸனுக்கு ரயில். வீடு பார்க்கப் போனால் படிக்கட்டு முழுக்க ஆட்கள், எல்லார் கையிலும் ஒரு ஃபைல். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் நகல், ஷூஃபா என்று ஒரு கடன் அறிக்கை. அந்த அறிக்கை ஒழுங்காகக் கடன் கட்டியவனுக்குத்தான் உதவும். புதிதாக வந்தவன் பெயரில் அதில் எழுத என்ன இருக்கிறது? முன்பணம் மட்டும் சென்னை மாதிரி பத்து மாதம் இல்லை. மற்ற செலவு சேராத வெறும் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கொடுக்கலாம் என்று சட்டமே இருக்கிறது. குடி போன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். பாதி வீடுகளில் அடுப்பங்கரை காலியாகக் கிடக்கும். போனவர் பாத்திரம் கழுவும் தொட்டியைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருப்பார். குழாய் மட்டும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு ஆள், தான் வெளிநாட்டில் இருப்பதாகவும், முன்பணத்தை அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்பிவிடுவதாகவும் எழுதினான். அழகான படங்கள், வாடகையும் குறைவு. கோயிலில் பழக்கமான யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவரிடம் காட்டினேன். "தம்பி, சாவியக் கையில வாங்காம ஒரு சதமும் குடுத்திடாதேங்கோ" என்று சொல்லி, கையோடு ஒரு டப்பாவில் புட்டும் கட்டிக் கொடுத்தார். அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்தக் கோயில் மட்டும்தான் முரளி. சனி, ஞாயிறு போனால் தமிழ் காதில் விழும். மற்ற நாளெல்லாம் அறைக்கு வந்து கதவைச் சாத்தினால், காலை வரை பேச ஆள் கிடையாது. உன்னிடம் இதை அப்போது சொல்லவில்லை. சொன்னால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போன் செய்து வதைத்திருப்பாய்.

எனக்கு விடிவு ஒரு நூலகத்தில் கிடைத்தது. இங்கே பல நூலகங்களில் புத்தகம் மாதிரியே போர்டு கேமும் இரவல் தருகிறார்கள். அலமாரி அலமாரியாக இருக்கிறது. அங்கே பலகையில் ஒரு அறிவிப்பு: வியாழக்கிழமை மாலை ஏழு மணி, ஒரு தேவாலயத்தின் பின்கூடம், யாரும் வரலாம். போனேன். ஏழு என்றால் இவர்களுக்கு ஏழுதான். பாலாஜி இங்கே ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டான். நான்கு மேஜை. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மரப் பொம்மைகளை நிறம் பிரித்துக் குட்டிப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தார். என் ஜெர்மன் திக்கித் திணறுவதைப் பார்த்ததும், அவராகவே கார்க்கசோன் ஆட்டத்தை எடுத்து விரித்தார். 72 சதுர அட்டை, ஒன்றிலும் ஒரு எழுத்து கிடையாது. எடு, பொருத்து, ஆளை நிறுத்து. இரண்டாவது சுற்றில் நான் அவருடைய நகரத்துக்குள் நைசாக ஒரு வீரனை நுழைத்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார் பார், நம் வாட்ச்மேன் தாத்தா தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் பார்ப்பாரே, அதே பார்வை!

கோட்நேம்ஸ் மேஜைக்கு மட்டும் நான் பல மாதம் போகவே இல்லை. ஒரே சொல்லில் குறிப்புத் தர அந்த மொழியில் ஊறியிருக்க வேண்டும். அப்புறம் மரம், செங்கல், ஆடு என்று பண்டமாற்று செய்து ஊர் கட்டுகிற கட்டானும் ஆடினோம். 1995-இல் அதை உருவாக்கிய கிளவுஸ் டாய்பர் பல் டெக்னீஷியனாக வேலை பார்த்தவர், 2023-இல் காலமானார். அவரைப் பற்றிச் சொந்த ஊர்க்காரரைப் போல உரிமையோடு பேசிக்கொள்கிறார்கள். உனக்கு ஒரு நல்ல செய்தி: இங்கேயும் உன் ஆட்டை யாரும் வாங்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கும் 'மென்ஷ் எர்கரே டிஷ் நிஷ்ட்' என்ற ஆட்டம் நம் தாயத்துக்கு உறவு. இந்தியாவின் பழைய ஆட்டமான பச்சீசியின் வழியில் வந்தது, ஷ்மிட் என்பவர் 1910-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதல் உலகப் போரில் ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கு மூவாயிரம் பெட்டிகள் கொடுத்த பிறகு நாடு முழுக்கப் பரவியதாம். ஆறு விழுந்தால்தான் காய் இறங்கும். நான் துணியில் கட்டம் போட்டு, ஒன்று விழுந்தால்தான் எங்களுக்குக் காய் இறங்கும், ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கும் மறு ஆட்டம் உண்டு, ஒரு வெட்டாவது வெட்டாமல் பழம் ஏற முடியாது என்று சொல்லிக் கொடுத்தேன். டீச்சருக்கு வெட்டுவதில் அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்கு வருகிறேன். வாராவாரம் ஆட்டம் முடியும் முன்பே ரயிலுக்கு ஓடுவேன். ஒரு நாள் டீச்சர், ஏன் ஓடுகிறாய் என்று கேட்டார். ஹம் என்றதும் மேஜையே அமைதியாகிவிட்டது. அடுத்த வியாழன் ஒருவர், தன் பெரியம்மா வீட்டு மாடி காலியாகப் போகிறது, விளம்பரம் கொடுக்கும் முன் வந்து பார் என்றார். அந்த அம்மாள் என் ஃபைலைப் புரட்டக்கூட இல்லை. "சொன்ன நேரத்துக்கு வருவானா?" என்று மட்டும் அவரிடம் கேட்டார். கீழ் வீட்டில் அவரே இருக்கிறார். பத்து மணிக்கு மேல் மரமேஜையில் பகடை உருளும் சத்தம் கூடாது என்பதால் தடித்த கம்பளித் துணி விரித்துத்தான் ஆடுகிறோம்.

நீ இப்போது புனேயில் வாடகை, ஆபீஸ் தூரம், தண்ணீர் எல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாய். போடு. மகாராஷ்டிராவில் லீவ் அண்ட் லைசன்ஸ் என்கிற வாடகை ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிய வேண்டும். பதினோரு மாதம்தானே, வேண்டாம் என்று புரோக்கர் சொன்னால் கேட்காதே. ஆனால் ஹிஞ்சவாடியில் ஆபீஸுக்கு எதிரிலேயே எடுத்துவிடலாம் என்று அவசரப்படாதே. முதல் மாதம் எங்கேயாவது பி.ஜி.யில் தங்கு. அந்த மாதத்தில் ஊருக்குள் விளையாடுகிறவர்கள் எங்கே, எந்தக் கிழமை கூடுகிறார்கள் என்று கண்டுபிடி. அத்தனை காலேஜ் இருக்கும் ஊரில் ஆள் இல்லாமல் போகாது. ராத்திரி பத்தரைக்கு அங்கிருந்து ஆட்டோவில் திரும்பக்கூடிய தூரத்தில் வீடு பார். முதல் நாளே உன் கனமான பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகாதே. அவர்கள் ஆடுவதில் உட்கார். மூன்று வாரம் விடாமல் போ. வராவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடு. நான்காவது வாரம் உனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார்கள்.

நீ தனியாக இருந்தால் எப்படி ஆவாய் என்று எனக்குத் தெரியும் முரளி. அப்பா போன வருஷம் நீ யார் போனையும் எடுக்கவில்லை. பாலாஜி சனிக்கிழமை தவறாமல் பெட்டியோடு வந்து உன் வாசலில் நின்றதால்தான் கதவைத் திறந்தாய். புனேயில் உன் வாசலுக்கு வர இப்போதைக்கு ஒருவரும் இல்லை. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பாலாஜியிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக் கொண்டுவருவான். கார்க்கசோனையும் கோட்நேம்ஸையும் சூட்கேஸில் வை, மற்றதை பேக்கர்ஸ் வண்டியில் ஏற்று. என் பித்தளைத் தாயக்கட்டை உன் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. அதை அவனிடம் கொடுத்துவிடு, அக்டோபரில் கண்காட்சிக்கு வரும்போது கொண்டுவருவான். டிக்கெட் போட்டாயிற்று. உனக்கும் இங்கே படுக்க இடம் இருக்கிறது, லீவு கிடைக்குமா என்று கேட்டுச் சொல்.

அன்புடன்,
சேகர்