முதல் மடக்குக்குத் தலையாட்டியவன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது வேலை வந்து நின்றது என்று பொய் சொல்லப் போவதில்லை. சோம்பல்தான். இன்றைக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது, ஆனால் அது ஒயின் பற்றியது. நாலு வருஷமாக ஒரு சொட்டுத் தொடாதவனுக்கு இதை எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். நீ விட்டது குடியைத்தானே, கதை கேட்பதை விடவில்லையே என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் இத்தாலிய உணவகம் இருக்கிறது. பதினோரு மேசை. வாசலில் ஒரு சின்ன விளக்கு, அதைவிடச் சின்னப் பெயர்ப்பலகை. தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கப் போகிறேன், உள்ளே போனதில்லை. ஒயினுக்குப் பேர்போன இடம் என்று எல்லோரும் சொன்னதே என்னை வெளியில் நிறுத்தி வைத்திருந்தது. தெரிந்தவர்கள் போகிற இடத்தில் தெரியாதவன் போய் உட்கார்ந்து விழிப்பானேன்? போன வாரம் எங்கள் கல்யாண நாள், முப்பத்தைந்தாவது. எங்கேயும் அலைய வேண்டாம், நடந்து போகிற தூரத்தில் சாப்பிடலாம் என்றாள் என் மனைவி. அப்படித்தான் போனோம்.

உள்ளே போனதும் எனக்குப் பிடித்துப் போனது ஒயின் இல்லை, அமைதி. என் இடது காது சங்கதி உனக்குத் தெரியும். இரைச்சலான இடத்தில் எனக்கு மற்றவர் பேச்சில் உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து கேட்காது. வயதானவர்களின் காது முதலில் கைவிடுவது மேல் சுருதி ஒலிகளைத்தானாம். ச, த எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதனால் வெளியே சாப்பிடப் போனால் பாதி நேரம் சிரித்துச் சமாளிப்பேன். இங்கே பாட்டு இல்லை, தொலைக்காட்சி இல்லை. கூரை தாழ்வு, மேசைகளில் கனத்த துணி, ஒரு சுவர் முழுக்கப் புத்தகம் மாதிரி படுக்க வைத்த பாட்டில்கள். பக்கத்து மேசையில் பேசுவது முணுமுணுப்பாகத்தான் வந்தது. எதிரே இருப்பவள் பேசுவது முழுசாக வந்தது. முப்பத்தைந்து வருஷம் கழித்து அவள் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் கேட்பது நல்லதா கெட்டதா என்பதை வேறொரு கடிதத்தில் வைத்துக்கொள்வோம்.

மெனு ஒரே தாள். ஒயின் பட்டியல்தான் கணக்குப் பேரேடு தடிமனில் வந்தது. இத்தாலியில் 20 பிராந்தியங்கள், எல்லாவற்றிலும் ஒயின் செய்கிறார்கள். பட்டியலும் அதே வரிசையில். குடிக்கும் முன்பே தலை சுற்றியது. எது ஊர்ப் பெயர், எது திராட்சைப் பெயர் என்று பிடிபடவே இல்லை. பரோலோ என்பது பியெமோந்தேயில் ஒரு கிராமம், அந்த ஒயினுக்கான திராட்சையின் பெயர் நெபியோலோ. பார்பெரா தி ஆஸ்தி என்றால் முன்னால் இருப்பது திராட்சை, பின்னால் இருப்பது ஊர். மொந்தேபுல்சியானோ இன்னும் மோசம். டஸ்கனியில் அது ஊர், அப்ருத்சோவில் அது திராட்சை, இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. நான் என் பழைய தந்திரத்தைத்தான் செய்தேன். இருப்பதிலேயே மலிவானதைக் கேட்க வெட்கம். அதற்கு அடுத்ததன் மேல் விரலை வைத்தேன்.

அங்கே எல்லாம் ஓர் அம்மாதான். சமையல் கணவர், மேசை இவர். என் விரலைப் பார்க்கவே இல்லை. "முதலில் என்ன சாப்பிடப் போகிறீர்கள், அதைச் சொல்லுங்கள்" என்றார். என் மனைவி கத்தரிக்காய்ப் பார்மிஜானா கேட்டாள், நான் அமத்ரிச்சானா சாஸ் போட்ட பாஸ்தா. இரண்டுமே தக்காளி. தக்காளியின் புளிப்புக்கு முன்னால் புளிப்புக் குறைந்த ஒயின் சப்பென்று ஆகிவிடும், அதனால் அதற்குச் சமமாக நிற்கிற சாஞ்சொவேசே திராட்சை வேண்டும் என்று கியாந்தி கிளாசிகோ ஒன்றைச் சொன்னார். கல்யாண நாளாயிற்றே என்று நான் கொஞ்சம் பந்தாவாக "பரோலோ?" என்றேன். அது குறைந்தது 38 மாதம் வைத்திருந்தே வெளியே விடுகிற ஒயின், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில்; துவர்ப்பு கனம், உங்கள் தட்டில் இருப்பதோடு சண்டை போடும், விலையும் இரண்டு மடங்கு, மாட்டிறைச்சி வேகவைக்கிற குளிர்காலத்தில் வாருங்கள் என்றார். விலை கூடினதை வேண்டாம் என்று சொல்லி விற்கிற ஆளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

இப்போதுதான் சேதிக்கு வருகிறேன்.

பாட்டில் வந்தது. கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை. திறந்து என் கிளாஸில் இரண்டு விரல் உயரத்துக்குக் கூட ஊற்றவில்லை, ஒரு மடக்கு. ஊற்றிவிட்டு நின்றார். இந்தச் சடங்கை நான் எப்போதும் ஒரே மாதிரிதான் செய்வேன். கிளாஸைச் சுழற்றுவது, முகர்வது, வாயில் வைப்பது, பெரிய மனுஷனாகத் தலையாட்டுவது. அன்றைக்கும் ஆட்டினேன். சுவை ஏதோ அமுங்கிக் கிடந்தது, ஆனால் ஒயின் என்றால் இப்படியும் இருக்கும்போல, நமக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். அந்த அம்மா என் மனைவிக்கும் ஊற்றினார். அவள் வாயில் வைக்கவே இல்லை, மூக்குக்குக் கொண்டுபோனதும் நிறுத்திவிட்டாள். "நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வருது" என்றாள், எனக்கு மட்டும் கேட்கட்டும் என்று. மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். ஆனால் அமைதியான இடம் என்றேனே, அதனால் அந்த அம்மாவுக்கும் கேட்டுவிட்டது.

நான் பயந்தது போல முகம் சுளிக்கவில்லை. கிளாஸை வாங்கி முகர்ந்தார். "மன்னிக்க வேண்டும், திறந்ததுமே நான் முகர்ந்து பார்த்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு அதே ஒயினில் இன்னொரு பாட்டில் கொண்டுவந்து திறந்தார். கெட்டுப்போனதை எடுத்துப் போகாமல் இரண்டு கிளாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகரச் சொன்னார். ஒன்றில் செர்ரிப் பழம், காய்ந்த இலை. மற்றொன்றில் பூட்டிக் கிடந்த நிலவறை. ஒரே தோட்டம், ஒரே வருஷம்.

குற்றவாளி கார்க்காம். கார்க் என்பது மரப்பட்டைதானே. அதில் பூஞ்சை இருந்து, குளோரின் கலந்த ஏதாவது பொருளோடு சேர்ந்தால் ட்ரைகுளோரோஅனிசோல் என்று ஒன்று உண்டாகிறது. சுருக்கமாக டி.சி.ஏ. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரி. அதில் நாலைந்து பங்கு ஒரு லிட்டரில் இருந்தாலே போதும், ஒயின் மூடிக்கொண்டுவிடும். உடம்புக்கு ஒன்றும் செய்யாது. வாசனையை மட்டும் தின்றுவிடும். அந்த முதல் மடக்கை ஊற்றிவிட்டு அவர்கள் நிற்பதே இதற்காகத்தான்: ஒயின் கெட்டிருக்கிறதா இல்லையா என்று பார்க்க. பிடித்திருக்கிறதா என்று கேட்க இல்லை. நாற்பது வருஷமாக நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது கேட்காத கேள்விக்கு. எத்தனை கெட்ட பாட்டிலுக்குக் காசு கொடுத்து, குடித்து, நன்றியும் சொல்லியிருப்பேனோ.

அப்புறம் சாப்பாடு. நீளமாகச் சொல்லி உன் பசியைக் கிளப்பவில்லை. அமத்ரிச்சானாவில் பன்றிக் கன்னத்து இறைச்சியின் உப்பு, பெக்கோரினோ சீஸ், தக்காளி. ஒரு வாய் அது, ஒரு வாய் ஒயின் என்று போனபோது அந்த அம்மா சொன்னது புரிந்தது. தனியாகக் குடித்தால் கொஞ்சம் வறட்டுப் புளிப்பு. தட்டோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. என் மனைவி கடைசியில் ரொட்டித் துண்டால் தட்டைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டாள். எனக்குச் சங்கடம், அந்த அம்மாவுக்கோ ஒரே சந்தோஷம். அதற்கு இத்தாலியர்கள் ஸ்கார்பெத்தா என்று பேரே வைத்திருக்கிறார்கள். குட்டிச் செருப்பு என்று பொருள்.

கூட்டம் குறைந்ததும் அவரோடு பேசிக்கொண்டிருந்தோம். அவர் சொன்ன ஒரு கதை உனக்காகவே செய்தது போல இருந்தது. முப்பது வருஷம் விதிமுறைக் கோப்புகளோடு மாரடித்தவன் நீ, கேள். கியாந்தி என்ற ஒயின் வட்டாரம் எதுவரை என்று டஸ்கனியின் கோமகன் மூன்றாம் கோசிமோ 1716-லேயே எல்லை போட்டு ஆணை பிறப்பித்துவிட்டார். அது நல்ல விதி. பிறகு 1967-ல் அரசு வந்து, கியாந்தி என்று பேர் வைக்க வேண்டுமானால் சிவப்புத் திராட்சையோடு வெள்ளைத் திராட்சையும் கலந்தே ஆக வேண்டும் என்று எழுதி வைத்தது. ஒயின் நீர்த்துப் போனது. அங்கே ஒயின் செய்கிற அந்தினோரி குடும்பத்தார் 1971 அறுவடையில் தின்யானெல்லோ என்று ஒன்றைத் தங்கள் இஷ்டத்துக்குச் செய்தார்கள். விதிக்கு அடங்காததால் அதற்குக் கிடைத்த வகுப்பு, இருப்பதிலேயே கடைசியான 'மேசை ஒயின்'. தரவரிசையில் அடித்தட்டு, விலையில் மேல்தட்டு. இப்படி ஒவ்வொருவராக வெளியே போகப் போக, கடைசியில் விதிதான் இறங்கி வந்தது. 2006 முதல் கியாந்தி கிளாசிகோவில் வெள்ளைத் திராட்சை சேர்க்கவே கூடாது. கட்டாயம் என்று இருந்தது நாற்பது வருஷத்துக்குள் தடை ஆகிவிட்டது. நீ எத்தனை சுற்றறிக்கை இப்படிப் பார்த்திருப்பாய்!

முடிவில் கான்தூச்சி என்ற பாதாம் பிஸ்கட்டும் ஒரு விரலளவு வின் சாந்தோவும். பிஸ்கட் பல்லுக்கு எமன். உலர்த்திய திராட்சையில் செய்து, சின்னப் பீப்பாயில் வருஷக்கணக்கில் மூடி வைத்த இனிப்பு ஒயின் அது. அதில் தோய்த்தால்தான் பிஸ்கட் வழிக்கு வருகிறது. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கார்க்கைச் செருகிக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த நாள் ராத்திரியும் நன்றாகத்தான் இருந்தது.

சரி, இதையெல்லாம் எதற்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் மூன்று பக்கம். மகனின் புது வேலை ஒரு பக்கம், மாடியில் ஒழுகுகிற இடத்தை அடைத்தது ஒரு பக்கம், பேத்தியின் குறும்பு ஒரு பக்கம். உன்னைப் பற்றிக் கடைசியில் ஒரே சொல்: நலம். படித்துவிட்டு நானும் தலையாட்டினேன். என் மனைவி அன்றைக்கே வாங்கிப் படித்துவிட்டு, "அண்ணன் எழுத்தில் ஏதோ சரியில்லை" என்றாள். "உனக்கு எப்போதும் எல்லாவற்றிலும் சந்தேகம்" என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன். இந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மூக்கை நான் நம்புகிறேன்.

ஆகவே ஒழுங்காக எழுது. பரிசோதனை முடிவு வந்ததா, மருத்துவர் என்ன சொன்னார், ராத்திரி தூக்கம் வருகிறதா. போனில் வேண்டாம், எனக்குப் பாதி கேட்காது. நீயும் அதைச் சாக்காக வைத்துத் தப்பித்துவிடுவாய். தங்கைக்கும் இதைப் படித்துக் காட்டு.

அடுத்த மாதம் இந்தப் பக்கம் வருவதாக எழுதியிருந்தாயே, அது உறுதியா? குடிக்காதவர்களுக்கு அங்கே கினோட்டோ என்று கறுப்பாக ஒரு பானம் வைத்திருக்கிறார்கள், கசப்பு ஆரஞ்சில் செய்தது. உன் வாய்க்கு ஏற்ற கசப்பு. சுவரோரத்து மூலை மேசைக்குப் பத்து நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டுமாம். எந்தத் தேதி என்று எழுது.

உன்
பழைய அறைத்தோழன்