சித்தப்பாவோட பட்டறையப் பத்தி தம்பிக்கு ஒரு கடிதம்

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

சித்தப்பாவோட பிளேட்டிங் பட்டறைய, அதான் சாமான்களுக்கு கரண்ட் விட்டு நிக்கல், குரோம் பூசுற பட்டறைய, நீயே எடுத்து நடத்தப் போறேன்னு சித்தி சொன்னாங்க, ரொம்ப சந்தோஷம்டா. ஆனா பின்னாடி இருக்குற கழிவுத்தண்ணித் தொட்டிய இடிச்சிட்டு குடோன் கட்டப் போறியாமே, அத மட்டும் செய்யாத.

நீ ஹாஸ்டல்ல இருந்ததால பாதி விஷயம் உனக்குத் தெரியாது. மன்னார்குடி வெஸ்லியன் மிஷன் சபையில வந்த குடும்பம் நம்மளது. 1947-ல வேற சபைகளோட சேர்ந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆனதுக்கப்புறமும் யாராச்சும் கேட்டா "நாங்க மெதடிஸ்ட்"னுதான் சித்தப்பா சொல்வார். காரைக்குடிக்கு அவர் வந்ததே சிக்ரிய, அதான் அங்க இருக்குற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்த, நம்பித்தான். அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து 1953-ல தொறந்த எடம், அங்க வேல பார்த்த சபைக்காரர் ஒருத்தர்கிட்ட சாயங்காலம் சாயங்காலம் போய் உக்காந்து நிக்கல் பாத் (சாமான முக்குற நிக்கல் கரைசல்) எப்படி போடணும், சூடு எவ்வளவு வைக்கணும், எவ்வளவு கரண்ட் விடணும்னு எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டு வருவார்.

முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைக்காரங்க கொண்டு வர்ற கைப்பிடி, தாழ்ப்பா, சீர் சாமான் எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். சமைக்கிற பாத்திரத்துக்கு நிக்கல் போடச் சொன்னா மட்டும் காசு எவ்வளவு குடுத்தாலும் மாட்டார், ஈயம் பூசுறவர்கிட்ட போங்கன்னு அனுப்பிடுவார்.

இப்ப அந்தத் தொட்டி விஷயம். நம்ம மெதடிஸ்ட் சபைய ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி 1760-ல அச்சுல போட்ட பணத்தப் பத்தின பிரசங்கம் ஒண்ணு இருக்கு. முடிஞ்ச அளவு சம்பாதி, சேமி, குடுன்னு அதுல சொன்னத எல்லாரும் சொல்வாங்க. அதே பிரசங்கத்துல ஒடம்பக் கெடுக்குற தொழில் கூடாது, அடுத்தவன் ஒடம்பையும் கெடுக்கக் கூடாதுன்னு ஆர்சனிக், ஈயப்புகை வரைக்கும் சொல்லியிருக்கார். பிளேட்டிங் பண்றவன் இதப் படிச்சிட்டு எப்படிடா தூங்குவான்? குரோம் பூசுறப்ப வர்ற ஆவி மூக்குத்தண்டையே ஓட்டை போட்டுடும், புத்துநோயும் வரும். அதனாலதான் சித்தப்பா மொத லாபத்துல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டார், அடுத்து அந்தத் தொட்டி. நம்ம பக்கம் ஊருணித் தண்ணிய நம்பித்தான ஊரே இருக்கு, அதுல குரோம் தண்ணி கலந்தா என்னாகுறது.

நான் லீவுக்கு வந்தப்ப பக்கத்துல நிறுத்தி வச்சுக் காட்டுனார். மஞ்சளா இருக்குற கழுவுன தண்ணியில ஆசிட் விட்டு, புளிப்பு அளவு காட்டுற பிஹெச் பேப்பர்ல மூணுக்குக் கீழ வந்ததும் மெட்டாபைசல்பைட்ங்கிற மருந்தக் கொட்டிக் கலக்குனா மஞ்சள் மறைஞ்சு பச்சையாகும், அப்புறம் சுண்ணாம்பு போட்டா குரோமெல்லாம் சேறு மாதிரி அடியில தங்கிடும். அத அள்ளித் தனியாக் கட்டி வைக்காம வீட்டுக்குக் கெளம்ப மாட்டார். கர்த்தருக்கு நம்மள மறுபடி ஒப்புக்குடுக்குற புது வருஷ உடன்படிக்கை ஆராதனையில முழங்கால்ல நின்னு அழுத அதே மனுஷன்தான்டா இது. எனக்கு ரெண்டும் வேற வேறயாத் தெரியல.

குடோனுக்கு வாசப்பக்கம் எடம் இருக்கு, பார்த்துக்கலாம். அவரோட நோட்டு எங்கிட்டதான் இருக்கு, எந்த அளவுக்கு எவ்வளவு மருந்து போடணும்னு எல்லாம் அவர் கையெழுத்துலயே இருக்கு. பொங்கலுக்கு வர்றப்ப கொண்டாறேன், அதுவரைக்கும் தொட்டியில கை வைக்காத.

உன் அக்கா