இயந்திர முகத்தோடு ஒரு தமிழ் எழுத்துரு வேண்டும்

தமிழ் எழுத்துரு வடிவமைப்பாளர்களுக்கு வணக்கம்.

அறிவியல் புனைகதைக்கு அட்டையோ, ரோபோ போட்டிக்கு போஸ்டரோ, எது வந்தாலும் ஆங்கிலத் தலைப்புக்கு நான் யோசிப்பதே இல்லை. யூரோஸ்டைல் என்ற எழுத்துரு இருக்கிறது. டூரின் நகரின் நெபியோலோ அச்செழுத்து வார்ப்பகத்துக்காக ஆல்டோ நொவாரெசே 1962-இல் வரைந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பு அவரும் அலெஸ்ஸாண்ட்ரோ பூட்டியும் செய்த மைக்ரோகிராமாவில் பெரிய எழுத்துகள் மட்டும்தான். சின்ன எழுத்துகளும் சேர்ந்து வளர்ந்ததே யூரோஸ்டைல். அதன் 'ஓ' வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை, பழைய டிவி திரையின் வடிவம். அகலமாக, தடிமனாகப் போட்டால் எந்தப் பெயரும் விண்கலத்தில் எழுதியது போல ஆகிவிடும்.

தமிழுக்கு வந்தால்? இருக்கிற போல்ட் எழுத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறோம். நிமிர்ந்த கோடு தடிக்கிறது, படுக்கைக் கோடு அப்படியே நிற்கிறது. பார்க்கவே பாவமாக இருக்கும். சினிமா டைட்டில்களில் அருமையான வேலை நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவை அந்தப் பெயருக்கென்றே வரைந்தவை. அதே பாணியில் அடுத்த சொல்லைத் தட்டச்சு செய்ய முடியாது.

நம் எழுத்து வளைவானது, இதற்கு ஒத்துவராது என்பவர்களுக்கு ட, ப, ம மூன்றையும் காட்டுங்கள். ட செங்கோணமேதான். உண்மையான தலைவலி மூன்று சுழி ண. தடிமன் கூடக்கூடச் சுழிக்குள் வெள்ளையே மிஞ்சாது. சரி, ஒரு சுழியைக் குறைக்கலாம் என்றால் அது ன ஆகிவிடும்! நாசா 1975-இல் கொண்டுவந்த 'வார்ம்' சின்னத்தில் இரண்டு 'ஏ'க்களுக்கும் குறுக்குக் கோடு கிடையாது. அந்த வடிவத்தில் வேறு ஆங்கில எழுத்து இல்லாததால் யாரும் குழம்பவில்லை. நமக்கு அந்தச் சலுகை இல்லை. நவீனமாக இருக்கட்டும் என்று ர-வின் அடிக்காலை வெட்டினால் அது துணைக்கால்தான். 'ஆராய்ச்சி' என்று அடித்துப் பாருங்கள், தெரியும்.

அப்புறம் உயரம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே மட்டத்தில் நிற்பதால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். நமக்கு மேலே புள்ளி, கி, கீ-யின் விசிறி. கீழே கு, மு-வின் வால். தலைப்புக்கென்று புள்ளியைத் தாழ்த்தி, வாலைக் குறுக்கிய மாற்று வடிவங்களை எழுத்துருவுக்குள்ளேயே வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

உங்களால் முடியாதது இல்லை. ஏக் டைப் என்ற வடிவமைப்புக் குழுவின் அனேக் தமிழ் எழுத்துரு 2022-இல் வந்தபோது, ஒடுக்கத்திலிருந்து அகலம் வரை, மெலிவிலிருந்து தடிமன் வரை தமிழை முறையாகவே வரைய முடியும் என்று காட்டியது. ஆனால் அது எல்லா வேலைக்குமானது. நான் கேட்பது தலைப்புக்கு மட்டும், முரட்டுத்தனமாக ஒன்று.

இலவசமாகக் கேட்கவில்லை, காசு கொடுத்தே வாங்குகிறேன். பெரிய குடும்பமும் வேண்டாம், அகலமான ஒரே ஒரு போல்ட் போதும். யூனிகோடில் இருக்கட்டும். ஜ, ஷ, ஸ, ஹ-வை விட்டுவிடாதீர்கள். ரோபோக்களுக்கு வைக்கிற பெயரெல்லாம் அவற்றில்தான் வந்து நிற்கிறது.

அன்புடன்,
போஸ்டர் வடிவமைக்கும் ஒருவன்