முட்டி போட்ட வண்டி

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு காலை

அடி வசந்தி,

திட்டி முடித்துவிட்டாயா? மூன்று வாரமாக உன் போனை எடுக்காததற்கும், ரம்யாவின் நிச்சயதார்த்தத்துக்கு வராததற்கும் சேர்த்தே திட்டியிருப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். இங்கே எல்லாரும் சௌக்கியம். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

எல்லாம் அந்தக் காரால் வந்தது. உன் அண்ணன் வி.ஆர்.எஸ். பணத்தில் ஜனவரியில் வாங்கினாரே, பத்து வருஷம் ஓடின வெளிநாட்டு வண்டி. அதில் ஸ்பிரிங் கிடையாது. நாலு மூலையிலும் ரப்பர் பலூன். பம்பு ஒன்று அதில் காற்றை அடைக்கும், அந்தக் காற்றுதான் வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். "பள்ளமே தெரியாது சுசீலா" என்றார். இந்த ஊரில் பள்ளம் தெரியாமல் போக என்ன கொடுத்தாலும் தகும் என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிட்டது. காலையில் பார்த்தால் முன் இடது காலை மடக்கி முட்டி போட்டிருக்கும். வாட்ச்மேன் தினமும் "மேடம், காடி கூத்கொண்டிதெ" (வண்டி உட்கார்ந்துவிட்டதாம்) என்று கன்னடத்தில் செய்தி வாசிப்பார். ஸ்டார்ட் செய்தால் அடியில் கொர்ரென்று பம்பு ஓடும், இரண்டு நிமிஷத்தில் எழுந்து நின்றுவிடும். உன் அண்ணனுக்கு அதில் பெருமை வேறு. "பிரெஞ்சுக்காரன் கார் சிட்ரோயன் டி.எஸ். 1955-லேயே ராத்திரி நிறுத்தினால் காலையில் படுத்துத்தான் கிடக்கும், தெரியுமா?" அதில் எண்ணெயும் நைட்ரஜனும், எஞ்சின் ஓடினால்தான் அழுத்தம், இது வால்வு போட்டு அடைத்த காற்று, ஒரு ராத்திரியில் இறங்கினால் ஓட்டை என்று அர்த்தம் என்றேன். டிப்ளமோக்காரி பேச்சு வீட்டில் எடுபடுமா?

மார்ச்சில் ஒரு பெரிய ஷெட்டுக்குக் கொண்டுபோனார். பேர் வேண்டாம், கண்ணாடி அறை, இலவசக் காபி. ஸ்கேனரைச் சொருகினார்கள். பம்பு அளவுக்கு மீறி ஓடுகிறது, சூடாகிறது என்று பிழைக் குறியீடு காட்டியது. உடனே பம்பை மாற்றினார்கள். 62 ஆயிரம். ஏன் அளவுக்கு மீறி ஓடுகிறது என்று அந்தக் கண்ணாடி அறையில் ஒருத்தர் கேட்கவில்லையடி! ஸ்கேனர் அழுகிறவனைத்தான் காட்டும், அடித்தவனைக் காட்டாது. நமக்குப் பாடம் எடுத்த தனபாக்கியம் மிஸ் இருந்திருந்தால் அழுத்தம் அளக்கும் அந்த மானோமீட்டராலேயே போட்டிருப்பார்.

நிச்சயதார்த்தத்தன்று விடிகாலை நாலரைக்குக் கிளம்பினோம். பட்டுப்புடவை, பலகாரக் கூடை, எல்லாம் ஏற்றியாயிற்று. அத்திப்பள்ளி தாண்டவில்லை, சிவப்பு விளக்கு. புதுப் பம்பும் சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. டயர் மட்கார்டுக்குள் சொருகிக்கொண்டது. அரை மணி ஆறவிட்டால் மறுபடி ஓடியது, நாலு கிலோமீட்டரில் மறுபடி படுத்தது. கடைசியில் டோ லாரி மேல் வண்டி, லாரிக்காரர் பக்கத்தில் பட்டுப்புடவையோடு நான். அப்போது நீ போன் செய்தாய். எப்படி எடுப்பது, சொல்.

வீட்டுக்கு வந்ததும் மேலே உறை போட்டு மூடிவிட்டோம். நம்ம அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை 18 வருஷம் மூடிக் கிடந்துதானே 2009-ல் வெளியே வந்தது, இதுவும் கிடக்கட்டும் என்றேன். ஆனால் மனசு கேட்கவில்லை. அன்று ராத்திரி சஸ்பென்ஷன் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு (இல்லாவிட்டால் அது தூக்கத்தில் எழுந்து மற்ற மூலைகளையும் சரிக்கட்டி நம்மைக் குழப்பும்), தையல் டேப்பால் நாலு சக்கரத்திலும் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதினேன். காலை ஆறு மணிக்கு மறுபடி. மூன்று மூலையில் அரை சென்டிமீட்டர்கூட மாறவில்லை. முன் இடது மட்டும் ஒன்பது!

அப்புறம் சிவாஜிநகரில் ஒரு பாய் ஷெட்டுக்குப் போனேன். ஆம்னி பஸ்ஸுக்கெல்லாம் பெல்லோ, அதாவது இதே காற்று பலூன், மாற்றுகிறவர். என் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க வேலைய பாதி முடிச்சிட்டீங்கம்மா" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஸ்ப்ரே அடித்தோம். காற்றைப் பிரித்துவிடும் வால்வு பிளாக்கில் ஒன்றுமில்லை, குழாய் மூட்டில் ஒன்றுமில்லை. பலூன் மேலும் சுத்தமாக இருந்தது. "முழு உயரத்துக்கு ஏத்துங்க" என்றார். ஏற்றினால்தானே மடிப்பு விரியும்! விரிந்ததும் அந்த மடிப்பின் உள்வளைவில், நகக்கண் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. கைக்குழந்தை வாயில் எச்சில் நுரை கட்டுமே, அந்த மாதிரி சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருந்தது. ஹாஸ்டல் பேசினில் உன் நீலச் சைக்கிள் டியூபை முக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அதே குமிழி. சத்தியமாகக் கத்திவிட்டேன்.

பழைய பம்பைப் பெரிய ஷெட்டிலிருந்து கேட்டு வாங்கி வைத்திருந்தேன். பாய் அதைப் பிரித்துக் காட்டினார். புதுச் செருப்புப் பெட்டியில் சின்னப் பொட்டலம் இருக்குமே, அதே சிலிக்கா மணிகள்தான் உள்ளே ஈரத்தை உறிஞ்சுகின்றன. ஓயாமல் ஓடி, ஈரம் ஏறி, மணியெல்லாம் பழுப்பு மாவாகியிருந்தது. பிஸ்டன் வளையமும் தேய்ந்திருந்தது. இப்போது பம்புக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயையும் மாற்றிவிட்டோம், அதன் முனை ஒட்டிக்கொண்டால் பம்பு நிற்காமல் ஓடி வேகும். சில நூறு ரூபாய்ச் சாமான், அதை அந்தக் காபிக் கடைக்காரர்கள் தொடவே இல்லை.

சிரிக்காமல் இதைக் கேள். பலூனைக் கழற்றும் அன்று, வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே பாயின் பையன் ஒருத்தன் காற்றுக்குழாயைத் தளர்த்திவிட்டான். பத்தொன்பது வயசு. புஸ்ஸென்று ஒரு சத்தம், அந்த மூலை அப்படியே இறங்கியது. கையை இழுத்துக்கொண்டான், ஸ்பேனர் மட்டும் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இரண்டு டன் வண்டி, வசந்தி. அவன் சிரித்துக்கொண்டேதான் நின்றான், எனக்குத்தான் கால் நடுங்கிவிட்டது. அரை மணி நேரம் பாய் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் எழுந்து போய், பாடிக்கு அடியில் நாலு ஸ்டாண்டு வைக்காமல் இனி யாரும் இந்த வண்டியைத் தொடக்கூடாது என்றார். குகன் காரின் அடியில் படுத்துப் பழுது பார்ப்பான் என்றாயே, அவனிடம் இதைக் கட்டாயம் சொல்.

கார் சாமான் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு முழுக்க அலைந்து, பலூனும் ஷாக்கும் சேர்ந்த முழு ஸ்ட்ரட் வாங்கினேன், 38 ஆயிரம். குழாய் முனையைப் புது பிளேடால் நேராக வெட்டி, புதுப் பித்தளை மூட்டு போட்டார். கட்டிங் பிளேயரால் நசுக்கி வெட்டினால் முனை கோணி, அங்கேயே கசியுமாம். சக்கரம் தொங்கும்போதே காற்றை ஏற்றி, அப்புறம்தான் தரையில் இறக்கினார்; காலியாக இறக்கினால் புது பலூன் கோணல் மடிப்பு விழுந்து கிழியும். கடைசியில் ஸ்கேனரால் உயரத்தைச் சரிசெய்தார். பத்து நாளாக நிற்கிறது.

வலது பக்கப் பலூனிலும் கோடு தெரிகிறது, அதையும் மாற்ற வேண்டும். உன் அண்ணன் நாலையும் பிடுங்கிவிட்டு இரும்பு ஸ்பிரிங் போடலாம் என்கிறார். இவ்வளவு பாடுபட்ட பிறகா? பேச்சுவார்த்தை நடக்கிறது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாடியே வருகிறேன், பஸ்ஸில். அவர் காரில் வரட்டும். ரம்யாவின் பிளவுஸ் அளவு அனுப்பு, சிக்பேட்டையில் துணி பார்த்து வைத்திருக்கிறேன்.

சுசீலா

பி.கு.: இப்போதுதான் கீழேயிருந்து குரல் கொடுக்கிறார், வலது பக்கம் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறதாம். ராத்திரி மழையில் குளிர்ந்தால் காற்றும் கொஞ்சம் சுருங்கும் என்று சொல்லியிருக்கிறேன். டேப்பை எடுத்துக்கொண்டு போகிறேன்.