கேப்சர் ஃபைலை பிரிச்சு எடுக்கறதையும் சொல்லிக் கொடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல, நெட்வொர்க்ல ஓடற டேட்டாவைப் பதிவு பண்ணிக் காட்டுற வயர்ஷார்க் சாஃப்ட்வேர் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998ல ஈதிரியல்னு ஆரம்பிச்சு 2006ல பேர் மாறினது வரைக்கும் நல்லா சொல்லியிருந்தீங்க. ஆனா அந்தப் பதிவு சேமிக்கிற கேப்சர் ஃபைல் பெருசாயிட்டா என்ன பண்றதுன்னு ஒரு வரி கூட இல்ல, புதுசா இந்த வேலைக்கு வர்ற பசங்க மாட்டிக்கிறதே அங்கதான்.

நான் திருப்பூர்ல நெட்வொர்க் வேலை பாக்குறேன். ஒரு பனியன் கம்பெனியில நைட் ஷிப்ட்ல மட்டும் சிஸ்டம் ஒவ்வொண்ணா நெட்வொர்க்ல இருந்து கழண்டுகிட்டே இருந்துச்சு. சுவிட்ச்ல போற டேட்டாவோட நகல் ஒரு போர்ட்டுக்கு வர்ற மாதிரி போர்ட் மிரர் போட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு கேப்சர் ஆன் பண்ணிட்டு வந்துட்டேன், காலைல போய் பாத்தா ஒரே ஃபைல், 38 ஜிபி. என் லேப்டாப்ல ரேம் 8 ஜிபிதான். திறந்தேன், அந்த லோடிங் பட்டை கொஞ்ச தூரம் போச்சு, அப்புறம் மவுஸ் கூட நகரல. வயர்ஷார்க் ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது நெட்வொர்க்ல போற ஒவ்வொரு டேட்டா துண்டையும், பிரிச்சுப் பாத்து அந்த விவரத்தை எல்லாம் ரேம்லயே வெச்சுக்கும், அதான் காரணம். மேனேஜர் பக்கத்துலயே நிக்கிறாரு, எனக்கு வேர்த்துப் போச்சு.

வயர்ஷார்க் கூடவே எடிட்கேப்னு ஒரு சின்ன டூல் வரும், கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஓட்டணும். அதுல மைனஸ் ஐ (-i), 600ன்னு குடுத்தா 600 செகண்டுக்கு ஒரு ஃபைலா வெட்டிடும், மைனஸ் சி (-c) குடுத்தா பாக்கெட் எண்ணிக்கைப்படி வெட்டும். 12 மணி நேரம் 72 ஃபைலாச்சு, ஒவ்வொரு ஃபைல் பேர்லயும் தேதியும் நேரமும் வந்துடும். பிரச்சனை வந்தது மூணு பத்துக்குன்னு சூப்பர்வைசர் சொன்னாரு, அந்த ஒரு ஃபைலை மட்டும் திறந்து சிஸ்டத்துக்கு ஐபி அட்ரஸ் குடுக்குற டிஹெச்சிபி பாக்கெட்டை மட்டும் ஃபில்டர் போட்டுப் பாத்தா, ஐபி குடுக்குறது ரெண்டு பேரு! ஸ்டோர் ரூம்ல யாரோ செல்போன் வைஃபைக்காக ஒரு ரவுட்டரை சொருகி வெச்சிருந்தாங்க, அதுவும் சேர்ந்து ஐபி குடுத்துட்டு இருந்துச்சு.

இதைவிட நல்லது என்னன்னா ரெக்கார்ட் பண்றப்பவே பிரிச்சுடறது. கேப்சர் ஆப்ஷன்ஸ்ல அவுட்புட்னு ஒரு டேப் இருக்கு, இத்தனை எம்பிக்கு ஒரு புது ஃபைல்னு அங்க குடுக்கலாம், ரிங் பஃபர் போட்டா டிஸ்க் நிரம்பாம பழைய ஃபைல் மேலயே திரும்ப எழுதிக்கும். ஆனா கணக்கு போட்டுட்டு வைங்க. 500 எம்பி ஃபைல் 100ன்னா 50 ஜிபி, அந்த கம்பெனி டிராஃபிக்குக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் தாங்கும், 10 ஃபைல்தான் வெச்சிருந்தா மூணு பத்துக்கு நடந்தது காலைல வர்றப்போ அழிஞ்சே போயிருக்கும்.

இன்னொண்ணு, வெட்டின இடத்துல ரெண்டு சிஸ்டத்துக்கு நடுவுல ஒரு டிசிபி கனெக்‌ஷன் பாதியில இருந்தா அடுத்த ஃபைல் ஆரம்பத்துல முந்தின செக்மென்ட் (டேட்டா துண்டு) கிடைக்கலன்னு காட்டும், அதைப் பாத்து பாக்கெட் வழியில தொலைஞ்சு போச்சுன்னு கஸ்டமர்கிட்ட சொல்லிடாதீங்க, ஃபைல்களை ஒண்ணா சேக்குற மெர்ஜ்கேப் டூல்ல பக்கத்து ஃபைலை சேத்து வெச்சு ஒரு தடவை பாத்துடுங்க.

கட்டுரையோட அடுத்த பகுதி வரும்னு போட்டிருந்தீங்க, அதுல இந்த அவுட்புட் டேப்பை ஒரு படத்தோட போடணும்னு கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், திருப்பூர்